பழைய போட்டுக்கு பெயின்ட், ஸ்ப்ரேயா ரோலரா? மட்டக்களப்பில வேலை குடுத்துப் பார்த்த அனுபவம்

முதல்ல முடிவச் சொல்லிடுறன், விளக்கம் புறகு. வாவியில ஓடுற பழைய ஃபைபர் போட்டுக்கு கையால, அதாவது ரோலர் உருட்டி மேலால பிரஷ் இழுத்து அடிக்கிறது தான் நம்மட ஊருக்குச் சரி, ஸ்ப்ரே வேணாம். அத விட முக்கியம் பெயின்ட்டுக்கு முதல் யார் தேய்க்கிறாங்க எண்டது. கல்லடிப் பக்கம் கொட்டில் போட்டு வேலை செய்ற ஒரு ஃபைபர் பாஸ்கிட்ட (பாஸ் எண்டா கைவேலைக்காரர்) குடுத்தோம், அவர்ட வேலைக்கு மனசார நல்ல மார்க் போடுவன், ரெண்டு மூணு குறையும் இரிக்கு, அதையும் சொல்றன். பேர் போட அவருக்கு விருப்பமில்ல, ஏற்கனவே வேலை குவிஞ்சு கிடக்காம், அதனால பேர் இல்லாமலே எழுதுறன்.

போட் மாமாட. 2004 டிசம்பர் சுனாமிக்குப் புறகு நம்மட கரை முழுக்க ஃபைபர் போட் குடுத்தாங்க தானே, அந்த நேரம் வந்த 19 அடி போட். அந்தக் காலத்துப் போட் எல்லாம் ஒரே தரமில்ல, அவசரத்துக்கு செஞ்சது நிறைய, மேட் (ரெசின் ஊத்தி ஒட்டுற கண்ணாடி நார் விரிப்பு) குறைவா போட்டது, உள்ள காத்துக் குமிழி விட்டது எண்டு எத்தினையோ கரையில கிடந்து உக்கிப் போச்சு. இது தப்பிப் பிழைச்சது. முதல் கடல்ல ஓடினது, இப்ப 15 எச்பி எஞ்சினோட ஆத்துல, அதாவது வாவியில தான், மீன்பிடி கொஞ்சம், லீவு நாள்ல ஆக்கள ஏத்தி கல்லடிப் பாலத்தடியால சுத்திக் காட்டுறது கொஞ்சம். நீலக் கலர் வெளிறி சாம்பலாப் போய், விளிம்புல கைய வெச்சா சோக் மாதிரி மாவு ஒட்டுது, ஏறி இறங்குற ஆக்கள்ட உடுப்பெல்லாம் அது தான்.

அந்த மாவு என்னண்டா, ஃபைபர் போட்டுக்கு மேல இரிக்கிற ஜெல்கோட், அது பொலியெஸ்டர் ரெசினும் கலரும் சேர்ந்தது, வெயில்ல இரிக்கிற யூவி அடிச்சு அடிச்சு மேல்பக்கம் செத்துப் போறது. தடிப்பம் சும்மா அரை மில்லிமீட்டர் அளவு தான். இதுல ஒரு விசயம் கட்டாயம் சொல்லணும், மாவு தட்டுது எண்டதுக்காக உடனே பெயின்ட் அடிக்கப் போகாதீங்க. ஜெல்கோட் இன்னும் மிச்சம் இரிந்தா நல்ல ரப்பிங் கொம்பவுண்ட் போட்டு மெஷினால பொலிஷ் பண்ணி வேக்ஸ் அடிச்சா திரும்ப மினுங்கும், செலவும் கம்மி. ஏனெண்டா ஒருக்கா பெயின்ட் அடிச்சா அது பெயின்ட் போட், சில வருசத்துக்கு ஒருக்கா திரும்ப திரும்ப அடிச்சுத் தான் ஆகணும். எங்கட போட்டுல அதுக்கு வழியில்ல, சில இடத்துல ஜெல்கோட் தேஞ்சு உள்ள மேட் நார் தெரியத் தொடங்கிட்டு.

முதல்ல கேட்டது ஸ்ப்ரேக்குத் தான். டவுனுக்குள்ள கார், த்ரீவீல் டிங்கரிங் பெயின்டிங் செய்ற கராஜ் ஒண்டுல கேட்டோம், விலை கையால அடிக்கிறத விட நல்லா கூட, ஆனா "கண்ணாடி மாதிரி வரும்" எண்டாங்க. வரும் தான், பொய்யில்ல, நல்ல கன், நல்ல கை இரிந்தா ஸ்ப்ரே மாதிரி ஃபினிஷ் கையால வராது எண்டத நானும் ஒத்துக்கொள்றன். ஆனா மச்சான்ட கூட்டாளிட போட் வேற ஒரு இடத்துல ஸ்ப்ரே அடிச்சு எடுத்தது, எடுத்த அண்டு எல்லாரும் போட்டோ எடுத்த போட், அடுத்த மாரி முடியிறதுக்குள்ள அணியம் பக்கம், அதாவது முன்பக்கம், தகடு தகடா கழண்டு வருது. கழண்ட துண்டத் திருப்பிப் பார்த்தன், பின்பக்கம் பழைய ஜெல்கோட் மாவு அப்படியே ஒட்டிக் கிடக்கு. தேய்க்கவே இல்ல, வேக்ஸும் துடைக்கல, காருக்கு அடிக்கிற பெயின்ட்ட நேரா மேலால அடிச்சிரிக்காங்க. அது ஸ்ப்ரேட குற்றமில்ல, வேலைட குற்றம், இரிந்தாலும் ஸ்ப்ரே எண்டா ஆக்கள் மினுக்கத்தப் பார்த்து கீழ என்ன நடந்த எண்டு கேக்கிறதில்ல.

ஸ்ப்ரேக்கு எதிரா எனக்கு இன்னும் ரெண்டு காரணம். ஒண்டு காத்து. நம்மட பக்கம் மே மாசம் தொடங்கினா கச்சான் காத்து, வரண்ட காத்து, மண்ணையும் புழுதியையும் அள்ளிக்கொண்டு வாறது, திறந்த வெளியில ஸ்ப்ரே அடிச்சா பெயின்ட்டுல பாதி காத்தோட போகும், பாதி பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள்ள இரிக்கும், மேலால புழுதி வந்து ஒட்டும். சாதாரண கன் எண்டா காத்தில்லாத இடத்துலயே பெயின்ட் அரைவாசி வீணாப் போறது. மூடின பூத் இரிக்கிற இடம் எண்டா சரி, 19 அடி போட் நுழையிற பூத் இஞ்ச எங்க கிடக்கு?

மத்தது மூச்சு. இதத் தயவு செஞ்சு வாசிங்க. போட்டுக்கு நல்லா நிக்கிற பெயின்ட் டூ பேக் பொலியூரிதேன், பெயின்ட் ஒரு டின், ஹார்ட்னர் ஒரு டின். அந்த ஹார்ட்னர்ல ஐசோசயனேட் எண்டு ஒரு சாமான் இரிக்கு. ஸ்ப்ரே அடிக்கக்குள்ள அது பனி மாதிரி காத்துல மிதக்கும், மூச்சோட உள்ள போனா ஆஸ்துமா வரும், ஒருக்கா உடம்பு அதுக்கு ஒவ்வாமப் போயிட்டா புறகு கொஞ்சமா பட்டாலும் நெஞ்சு அடைக்கும், மாறாது. துணி மாஸ்க், கொரோனா மாஸ்க் ஒண்டும் இதுக்கு உதவாது, வெளியில இருந்து குழாயால நல்ல காத்து வாற மாஸ்க் வேணும். ஊருக்குள்ள பதினெட்டு பத்தொன்பது வயசுப் பொடியன்மார் மூக்குல லேஞ்சிய (கைக்குட்டைய) கட்டிக்கொண்டு டூ பேக் ஸ்ப்ரே பண்றத நான் கண்ணால கண்டிரிக்கன். நம்மட போட் மினுங்குறதுக்காக ஒரு பொடியன்ட நெஞ்சு போகக் கூடாது. ரோலரால அடிச்சாலும் கையுறை, மாஸ்க், காத்தோட்டம் எல்லாம் வேணும் தான், ஆனா அந்தப் பனி கிளம்பாது, அது பெரிய வித்தியாசம்.

இனி பாஸ்ட வேலை. போட்ட லேண்ட்மாஸ்டர் (கை டிராக்டர்) பெட்டியில ஏத்திக்கொண்டு போய் இறக்கினோம், அவர் கலர் என்ன வேணும் எண்டு கேக்கவே இல்ல. கையில ஒரு ஸ்பேனரோட, அதுட பிடியால முன்னால இருந்து பின்னால வரைக்கும் தட்டிக்கொண்டே போனாரு. டக் டக் எண்டு கெட்டியா சத்தம் வாற இடம் நல்லம், டொப் எண்டு பொத்தலா வந்தா உள்ள படை பிரிஞ்சிரிக்கு. பொத்தல் சத்தம் வந்த இடமெல்லாம் சோக்கால வட்டம் போட்டாரு. பின்பலகைக்கு, அது தான் எஞ்சின் மாட்டுற பலகைக்கு வந்து, எஞ்சின் போல்ட் பூட்டுற ஓட்டைக்குள்ள ஒரு ஸ்க்ரூ டிரைவர விட்டு மெல்லத் திருக, கறுப்புத் தேத்தண்ணி நிறத்துல தண்ணி வழிஞ்சுது. உள்ள ப்ளைவுட் உக்கிப் போயிரிக்கு. மாமா பேச்சில்லாம நிண்டாரு. பாஸ் சொன்னாரு, "அண்ண, இத விட்டுட்டு பெயின்ட் அடிச்சுத் தாறதெண்டா நாளைக்கே தாறன், ஆனா ஒரு நாளைக்கு எஞ்சின் பலகையோட ஆத்துக்குள்ள போகும், அந்த நேரம் ஆக்கள் இரிப்பாங்க." அந்த ஒரு சொல்லுக்குத் தான் நான் அவர்கிட்டயே குடுக்கிறதெண்டு முடிவெடுத்தன். பலகைய உள்பக்கத்தால வெட்டி உக்கின ப்ளைவுட்ட எடுத்து, புது மெரைன் ப்ளைவுட் வெச்சு மேட்டும் ரெசினும் போட்டுக் கட்டினாரு, போல்ட் ஓட்டைய கொஞ்சம் பெருசாத் துளைச்சு எப்பொக்ஸியால நிரப்பி, காஞ்ச புறகு அதுக்குள்ளால திரும்பத் துளைச்சாரு, அப்ப தண்ணி பலகையத் தொடவே தொடாது. இந்த யோசனை நல்ல யோசனை, எல்லாரும் கேட்டு செய்விச்சுக் கொள்ளுங்க.

தேய்க்கிறதுக்கு முதல் துடைக்கணும். இத மாத்திச் செய்றவங்க தான் கூட. பழைய வேக்ஸ், மீன் கொழுப்பு, எஞ்சின் ஒயில் இதெல்லாம் மேல இரிக்கக்குள்ள சான்ட் பேப்பர் போட்டா அழுக்க கீறலுக்குள்ள அமுக்கி விடுறது தான் நடக்கும், புறகு எந்தத் தின்னர் போட்டாலும் முழுசா வராது. அவர் ரெண்டு துணி வெச்சிரிந்தாரு, ஒண்டு தின்னர்ல நனைச்சு துடைக்க, மத்தது காய முதல் உடனே வழிச்சு எடுக்க, துணிய அடிக்கடி மாத்தி மாத்தி. முடிச்சிட்டு ஒரு போணி தண்ணிய பக்கவாட்டுல ஊத்திக் காட்டினாரு. தண்ணி ஒரே படையா விரிஞ்சு இறங்கினா சுத்தம், முத்து முத்தா உருண்டா இன்னும் எண்ணெய் இரிக்கு. பின்பலகைப் பக்கம் ரெண்டாந்தரமும் முத்து உருண்டுது, திரும்பத் துடைச்சாங்க. அப்படித் துடைக்காம விட்டா பெயின்ட்டுல மீன் கண் மாதிரி சின்னச் சின்ன வட்டக் குழி வரும், வந்தா காஞ்ச புறகு தேய்ச்சு திரும்ப அடிக்கிறத விட வேற வழியில்ல.

தேய்ப்பு தான் நாள் எடுத்தது. முதல் 80 நம்பர் சான்ட் பேப்பர் (நம்பர் கூடக் கூட பேப்பர் நைஸ்), புறகு 120, பட்டி போட்டு திரும்ப 120, எப்பொக்ஸி ப்ரைமர் ரெண்டு கோட், புறகு 220, கடைசியா 320 வாட்டர் பேப்பர். எப்பொக்ஸி காஞ்ச புறகு மேலால மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு வரலாம், ஈரப்பதம் கூடின நம்மட ஊர்ல அது கட்டாயம் பார்க்க வேண்டிய சாமான், அத சும்மா தண்ணியும் ஸ்பொஞ்சும் வெச்சு கழுவின புறகு தான் தேய்க்கணும், அவர் சொல்லாமலே செஞ்சாரு. வெடிப்பு இரிந்த இடத்துல மேலால பட்டி பூசாம வெடிப்ப வி மாதிரி திறந்து தான் நிரப்பினாரு. "தம்பி, பெயின்ட் அடிக்கிறது ரெண்டு காலை வேலை, மிச்சமெல்லாம் தேய்ப்பு, காசி அதுக்குத் தான்" எண்டாரு.

பெயின்ட் அடிச்ச காலைய நான் பக்கத்துல நிண்டு பார்த்தன். தகரக் கொட்டில், ரெண்டு பக்கமும் படங்கு கட்டி, நிலத்துக்கு தண்ணி தெளிச்சு புழுதிய அமத்தி வெச்சிரிந்தாங்க. விடியக்குள்ள தொடங்கல, பனி ஈரம் காய விட்டு, கைய வெச்சுப் பார்த்து, எட்டு எட்டரை போலத் தான் தொடங்கினது, வெயில் ஏறி ஃபைபர் சூடாக முதல் முடிக்கணும், சூட்டுல டூ பேக் இழுபடாம கோடு கோடா நிக்கும். பெயின்ட்டையும் ஹார்ட்னரையும் கண் மட்டத்துல ஊத்தாம அளவுக் கோடு போட்ட கப்புல டின்னுல எழுதியிரிக்கிற கணக்குக்கே அளந்து கலந்தாரு, ஒரேயடியா முழு டின்னும் கலக்கல, கலந்தா நேரம் போகப் போக கப்புக்குள்ளயே இறுகிடும். கெதியாக் காயுற தின்னர் இல்ல, மெதுவாக் காயுற தின்னர். ஒரு பொடியன் சின்ன ஃபோம் ரோலரால ரெண்டு அடி அகலத்துக்கு உருட்டிக்கொண்டு போக, பின்னாலயே பாஸ் அகலமான மெல்லிசு மயிர்ப் பிரஷ்ஷ பாரமில்லாம, நுனி மட்டும் படுற மாதிரி, அடிச்ச பக்கத்த நோக்கி ஒரே ஒரு இழுவை. ரோலர் விட்ட குமிழி எல்லாம் அந்த இழுவையில உடைஞ்சு, பார்த்துக்கொண்டு நிக்கக்குள்ளயே பிரஷ் கோடு தானா படிஞ்சு மட்டமாகுது. ரெண்டு பேரும் கதைக்கவே இல்ல. நடுவுல நிப்பாட்டினா ஈர விளிம்பு காஞ்சு அந்த இடத்துல கோடு விழும், அதனால போன் அடிச்சாலும் எடுக்கல. ரோலர் ஃபோம் டூ பேக் தின்னருக்கு கரையாத ஃபோமா இரிக்கணும் எண்டும் சொன்னாரு, கண்ட கடையில விக்கிற ரோலர் பாதியில உருகி துகள் துகளா பெயின்ட்டுல ஒட்டுமாம். அடுத்த நாள் லேசா தேய்ச்சு ரெண்டாவது கோட், விளிம்புக்கு மட்டும் மூணாவது.

வந்த ஃபினிஷ் எப்படி? கையெட்டுற தூரத்துல வெளிச்சத்துக்கு சரிச்சுப் பார்த்தா மெல்லிசா பிரஷ் இழுவை தெரியும், நாலு அடி தள்ளி நிண்டா ஸ்ப்ரேயா கையா எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலா. கைக்கு ஸ்ப்ரேய விட கொஞ்சம் தடிப்பா பெயின்ட் நிக்கும், பாலத்தடியில முட்டி உரசுற வேலைப் போட்டுக்கு அது நல்லம். மறுகா ஒரு இடம் கீறுப்பட்டா அந்த இடத்த மட்டும் தேய்ச்சு பிரஷ்ஷால தொட்டு விடலாம், ஸ்ப்ரே அடிச்ச போட்டுக்கு கம்ப்ரசர் இழுத்துக்கொண்டு போகணும்.

குறை. முதலாவது நேரம், சொன்ன திகதிக்கு முடியல, நல்லாவே பிந்திட்டு, பின்பலகை வேலை கூடினது ஒரு காரணம் எண்டாலும் எப்ப முடியும் எண்டு தானா போன் எடுத்துச் சொல்ற பழக்கம் அவருக்கு இல்ல, நாம தான் எடுக்கணும். ரெண்டாவது, தளத்துல வழுக்காம இரிக்க பெயின்ட்டுக்கு மேல மண் தூவினாரு, கடல் மண் வேணாம் உப்பு இரிக்கும் எண்டு ஆத்து மண்ண கழுவி காய வெச்சு அரிச்சு தூவினது சரி, ஆனா அரிச்ச கண் பெருசு, வெறுங்காலோட நிண்டா குத்துது, சின்னப் பிள்ளைகள் முழங்கால் ஊண்டினா உரஞ்சும், மேலால இன்னொரு கோட் அடிச்சு கொஞ்சம் அமத்தினாரு, இன்னும் கொஞ்சம் கரடு தான். மூணாவது தான் எனக்கு மனசுக்கு ஒத்துக்கொள்ளாதது. அவர் மாஸ்க் போடுறாரு, தேய்க்கிற பொடியன்மார் போடல. ஃபைபர் தூள் தோலுக்கு கடி, நெஞ்சுக்குக் கூடாது. மெஷினால காஞ்ச தேய்ப்பு தேய்க்கக்குள்ள கொட்டில் முழுக்க வெள்ளை. நான் ஒரு பெட்டி மாஸ்க் வாங்கிக் குடுத்துட்டு அண்ண இத போட வைங்க எண்டு கேட்டன், சிரிச்சாரு, ஆனா அடுத்த முறை போகக்குள்ள போட்டிரிந்தாங்க. வேலை குடுக்கிற நாம கேட்டா நடக்கும், கேளுங்க.

அடிப் பக்கத்துக்கு தனிக் கதை. மேல அடிக்கிற பொலியூரிதேன் எப்பவும் தண்ணிக்குள்ள கிடக்கிறதுக்கு செஞ்சதில்ல, நீர்மட்டத்துக்கு கீழ அடிச்சா கொப்புளம் போடும். அதனால நீர்மட்டத்துக்கு கீழ எப்பொக்ஸி தடுப்புக் கோட், அதுக்கு மேல அன்டிஃபவுலிங், செம்பு சேர்ந்தது. பாசியும் சிப்பியும் ஒட்டாம இரிக்கத் தான் இது, வாவியில இரவு பகலா கட்டிக் கிடக்கிற போட்டுக்கு வேணும். முகத்துவாரம், கல்லாறு, கல்முனைப் பக்கம் கடல்ல போய் தினமும் மண்ணுல இழுத்து ஏத்துற போட்டுக்கு இது வீண் செலவு, ரெண்டு இழுவையில மண் உரிச்சு எடுத்துடும், அந்தக் காசிக்கு அடி முதுகுல இன்னொரு படை மேட் போடுறது புத்தி. பழைய அன்டிஃபவுலிங் இரிந்தா காஞ்ச தேய்ப்பு தேய்க்கவே வேணாம், நஞ்சு, தண்ணி விட்டுத் தேய்ச்சு அந்தக் கழிவ ஆத்துக்குள்ள விடாம அள்ளி எடுக்கணும். முந்தி வந்த வெள்ளீயம் சேர்ந்த அன்டிஃபவுலிங், டிபிடி எண்டு சொல்றது, சிப்பி மட்டி எல்லாத்தையும் நாசமாக்குது எண்டு 2008ல இருந்து உலகம் முழுக்கத் தடை, எங்கயாவது பழைய டின் கிடக்கு மலிவா தாறன் எண்டு சொன்னா வாங்காதீங்க. இந்த வாவி ஐம்பத்தி சொச்சம் கிலோமீட்டர் நீளம், ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனை வரைக்கும் எத்தினை குடும்பத்துக்கு இறாலும் மீனும் குடுக்குது, அதுக்குள்ள நாம நஞ்சு ஊத்தலாமா.

எப்ப குடுக்கிறது எண்டு கேட்டா, மாரி மழை ஓய்ஞ்சு பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் தான் நல்ல நேரம், மழையும் குறைவு, கச்சானும் தொடங்கல. ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் சும்மா குடுத்தாலும் வேணாம், அந்த ஈரத்துல மேல மினுக்கம் செத்து பால் பூத்த மாதிரி வரும். போட்ட கரையில ஏத்தினதும் உடனே வேலை தொடங்காம நல்லா காய விடுங்க, ஒரு பொலித்தீன் துண்ட நாலு பக்கமும் டேப் போட்டு அடிப் பக்கம் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்க, உள்பக்கம் வேர்த்திரிந்தா ஃபைபருக்குள்ள இன்னும் தண்ணி இரிக்கு.

பாஸ்கிட்ட பேசக்குள்ள மொத்த விலை மட்டும் கேக்காம தேய்ப்பு, ஃபைபர் வேலை, ப்ரைமர், டொப் கோட் எண்டு பிரிச்சுக் கேளுங்க, பெயின்ட் டின்ன நீங்களே வாங்கிக் குடுங்க, ஹார்ட்னர் அதே கம்பெனி அதே டைப்பா எண்டு பார்த்து வாங்குங்க, வேற கம்பெனி ஹார்ட்னர் கலந்தா சரியா இறுகாது. மிஞ்சின பெயின்ட்டையும் ஹார்ட்னரையும் தனித் தனியா இறுக்கி மூடி வாங்கிக் கொள்ளுங்க, கீறல் தொட உதவும், ஹார்ட்னர் டின்னுக்குள்ள ஈரக் காத்து போனா கெட்டுடும். பழைய ரெஜிஸ்டர் நம்பர தேய்க்க முதல் போன்ல போட்டோ எடுத்து வைங்க, திரும்ப அதே அளவுக்கு எழுதணும். எங்கட போட்டுல நம்பரையும் மாமாங்கேஸ்வரர் எண்ட பேரையும் ஸ்டிக்கர் ஒட்டாம எழுத்து வேலை செய்ற ஒருத்தர வெச்சு கையாலயே எழுதினது, டொப் கோட் நல்லா இறுக ஒரு கிழமை விட்டுட்டு.